வளர்ப்புப் பிள்ளை: ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும்

‘இஸ்லாத்தில் தத்தெடுப்பது கூடாது’ என்னும் வாசகம் நம் சமுதாயத்தில் ஏறத்தாழ ஒரு பழமொழி போலவே வழங்கி வருகிறது. பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியர் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்க எண்ணி ஆலிம்களை நாடும்போது, பல வேளைகளில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் இந்த ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் மனம் சோர்ந்து திரும்புகின்றனர். சிலரோ, ‘கூடாது என்றால் கூடாமலே போகட்டும்’ என்று குறுக்கு வழிகளில் இறங்கி, பொய்ப் பிறப்புச் சான்றிதழோடு ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். ஷரீஅத் எதனை விலக்கியது, எதனை விலக்கவில்லை, எதனை ஏவியது என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லியிருந்தால் இவ்விரண்டுமே நேர்ந்திரா.

அரபுமொழியில் இங்கு இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ‘தபன்னீ’. ‘இப்ன்’, அதாவது மகன் என்னும் சொல்லோடு உறவுடையது. பிறர் பெற்ற பிள்ளையைத் தன் மகனாக ஆக்கிக்கொள்ளுதல் என்பது பொருள். மற்றொன்று ‘கஃபாலா’. பொறுப்பேற்றல், பிணை நிற்றல் என்பது அதன் பொருள். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்களின் பொறுப்பில் அல்லாஹ் ஒப்படைத்ததைக் கூறும் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 37ஆம் வசனத்தில் இந்த வேர்ச்சொல்லே இடம்பெற்றுள்ளது. முன்னது வம்சத்தை மாற்றுவது. பின்னது வளர்ப்பை ஏற்பது. தமிழில் ‘தத்து’, ‘சுவீகாரம்’, ‘எடுத்து வளர்த்தல்’ ஆகியவற்றை நாம் வேறுபாடின்றிப் புழங்குவதால் குழப்பம் மிகுகிறது. தத்தும் சுவீகாரமும் தபன்னீயோடு சேர்பவை. எடுத்து வளர்த்தல் கஃபாலாவுக்கு மிக நெருங்கிய சொல்.

பண்டைய உலகில் தத்தெடுத்தல் பெரும்பாலும் எடுப்பவரின் தேவைக்காகவே நிகழ்ந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ரோமானியர் குலப்பெயரும் சொத்தும் தொடரத் தத்தெடுத்தனர். இந்து தர்மசாஸ்திரங்களில் தத்தபுத்திரன் பிதிர்க்கடன் ஆற்றுவதற்கு உரியவன். அரபியரோ வீரமும் அழகும் மிக்க இளைஞனைத் தம் குலத்தோடு சேர்த்துக்கொள்ளும் பொருட்டு அவ்வாறு செய்தனர். ஆதரவற்ற குழந்தையின் தேவை என்பது இவற்றில் முதலிடம் பெற்றதில்லை.

ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாற்றை அறியாதவர் நம்மில் அரியர். கல்பு குலத்துச் சிறுவரான அவர் கொள்ளையரால் கவர்ந்து செல்லப்பட்டு, உகாழ் சந்தையில் விற்கப்பட்டார். ஹகீம் இப்னு ஹிஸாம் அவரை வாங்கித் தம் அத்தை கதீஜா (ரலி) அவர்களிடம் சேர்த்தார். கதீஜா அம்மையார் அவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாக வழங்கினார். பின்னர் தந்தையும் சிறிய தந்தையும் மீட்புத் தொகையோடு மக்கா வந்தபோது, முடிவைச் சிறுவரிடமே விட்டார்கள் நபியவர்கள். ஸைத் நபியவர்களோடு இருப்பதையே தேர்ந்தார். உடனே கஅபாவின் அருகே அவரைத் தம் மகனென நபியவர்கள் அறிவிக்க, ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்றே மக்கள் அவரை அழைக்கலாயினர். நுபுவ்வத்துக்கு முன் நிகழ்ந்தது இது.

மதீனாவில் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் அருளப்பெற்றன. வாயால் மகன் என்று கூறிவிடுவதால் ஒருவர் மகனாகிவிடுவதில்லை. அவர்களை அவர்தம் தந்தையரோடு இணைத்தே அழைக்க வேண்டும். தந்தையர் இன்னார் எனத் தெரியாவிடின் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள், நேசர்கள் என்பது அவற்றின் கருத்து. அன்று முதல் ஸைத் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். ஆனால் நபியவர்களின் இதயத்தில் அவருக்கிருந்த இடம் இம்மியும் குறையவில்லை. ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் கொடியேந்திய முதல் தளபதி அவரே, அங்கேயே ஷஹீதானார். ஸஹாபாக்களுள் திருக்குர்ஆனில் பெயர் சுட்டப்பெற்றவர் அவர் ஒருவரே. மகன் என்ற பெயரை இழந்தவருக்கு அதனினும் நிலைத்த பெயர் கிடைத்தது என்று விரிவுரையாளர் சிலர் நயம்படக் கூறுவர்.

இங்கு நீக்கப்பட்டது யாது? பொய்யான வம்சப் பெயர், அதனைத் தொடர்ந்து வரும் வாரிசுரிமை, மணத்தடை ஆகியனவே. வளர்ப்பு நீக்கப்படவில்லை, பாசம் நீக்கப்படவில்லை, ‘மகனே’ என்று அழைப்பதும் நீக்கப்படவில்லை. தம் பணியாளரான அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ‘அருமை மகனே’ என்று விளித்தது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. ஆகவே, வளர்க்கும் குழந்தை அன்பினால் ‘வாப்பா’ என்றோ ‘அத்தா’ என்றோ அழைப்பதைத் தடுத்து அதன் வாயை மூடுவோர், வசனம் கூறாத ஒன்றைக் கூறுகின்றனர்.

நபியவர்களே பிறர் அரவணைப்பில் வளர்ந்தவர்கள். ஹலீமா அம்மையார், அப்துல் முத்தலிப், பின்னர் அபூதாலிபும் அவர்தம் மனைவி ஃபாத்திமா பின்து அஸதும் என வளர்த்தோர் பலர். பின்னாளில் அலீ (ரலி) அவர்களைத் தம் இல்லத்தில் வளர்த்து அக்கடனை மீட்டார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முதற்கணவருக்குப் பிறந்த உமர் என்னும் சிறுவர் நபியவர்களின் மடியில் வளர்ந்தவர். வலக்கையால் உண்ணுமாறும் தமக்கு முன்னிருப்பதை உண்ணுமாறும் அவருக்குக் கற்பித்த ஹதீஸை நம் மக்தபுப் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். ஆனால் அது வளர்ப்புத் தந்தை ஒருவர் உணவு விரிப்பில் அமர்ந்து கற்பித்த பாடம் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை. அநாதையைப் பொறுப்பேற்பவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்களைப் போல நெருங்கியிருப்போம் என்று நபியவர்கள் கூறியதாக ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் நபிமொழியில் ‘காஃபில்’ என்ற சொல்லே வந்துள்ளது. கஃபாலா செய்பவர் என்பது அதன் பொருள்.

பெற்றோர் யாரெனத் தெரியாத குழந்தையைப் பற்றியோவெனின், ஃபிக்ஹு நூல்களில் ‘லகீத்’ என்று தனிப்பாடமே உண்டு. கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்பது இதன் பொருள். அத்தகைய குழந்தையை எடுத்துக் காப்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவரும் எடுக்காவிடின் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஸுனைன் அபூ ஜமீலா என்பவர் வீசப்பட்ட குழந்தையொன்றைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். அது சுதந்திரமான குழந்தை, அதன் செலவு அரசுக் கருவூலத்தைச் சேர்ந்தது, வளர்ப்பது அவர் பொறுப்பு என்று கலீஃபா தீர்ப்பளித்த செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. அரசு உதவித்தொகையுடன் கூடிய வளர்ப்புப் பராமரிப்பு என்று இன்று பேசப்படுவதன் அமைப்பு முழுவதும் இத்தீர்ப்பில் இருக்கிறது. நம் அரபிக் கல்லூரிகளில் இப்பாடத்தை ஓதும்போது அடிமைத்தளைக்குரிய மஸாயில்கள் அதில் மிகுந்திருப்பதால் விரைந்து கடந்துவிடுகிறோம். அது கடந்து செல்லத்தக்க பாடமன்று என்பது என் கருத்து.

எனினும் நம் வழக்கம் என்ன? அநாதைக் குழந்தை என்றால் எத்தீம்கானா என்பதே நமக்கு உடனே தோன்றும் விடை. எத்தீம்கானாக்கள் ஆற்றிய தொண்டு பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அறுபது பிள்ளைகள் வரிசையில் நின்று தட்டேந்தும் இடம் ஒரு வீட்டுக்கு ஈடாகுமா? ஸதக்கா வழங்கி மனநிறைவு அடையும் நாம், ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவரத் தயங்குவதற்குச் சட்டப்பயமும் ஒரு காரணம். எனவே நாட்டுச் சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் நடைமுறைச் சட்டம் தன் இரண்டாம் பிரிவில் திருமணம், மஹர், காப்பாளர் உரிமை, ஹிபா, வக்ஃப் முதலியவற்றை ஷரீஅத்துக்கு உட்படுத்திற்று. அப்பட்டியலில் தத்தெடுத்தல் இல்லை! மரண சாசனத்தோடு சேர்த்து அதனை மூன்றாம் பிரிவில் வைத்து, விரும்பி உறுதிமொழி அளிப்பவருக்கு மட்டும் ஷரீஅத் விதி பொருந்தும் என்றனர். பஞ்சாப், அவத் முதலிய பகுதிகளின் சில முஸ்லிம் குடும்பங்களில் வழமையின் அடிப்படையில் தத்தெடுத்தல் அந்நாளில் நிலவியது என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

1956ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் இந்துக்களுக்கும் அச்சட்டம் இந்துக்களென வகுத்துரைப்போருக்கும் மட்டும் உரியது. ஏனையோர்க்கு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமே வழியாக இருந்தது. அதன்படி நீதிமன்றம் ஒருவரைக் குழந்தைக்குக் காப்பாளராக நியமிக்கும். குழந்தையின் வம்சம் மாறாது, வாரிசுரிமையும் தோன்றாது, வயது நிரம்பியதும் காப்பாளர் பொறுப்பு முடிவுறும். ஆங்கிலேயர் இயற்றிய சட்டமாயினும் கஃபாலாவின் சாயல் இதில் மிகுதி. அனைவருக்கும் பொதுவான தத்து மசோதா ஒன்று 1972இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டு, முஸ்லிம்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது.

இளைஞர் நீதிச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டு 2006இல் திருத்தப்பட்டபோது நிலைமை மாறியது. ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளை எம்மதத்தவரும் சட்டப்படி தத்தெடுக்க வழி பிறந்தது. ஷப்னம் ஹாஷ்மி தொடுத்த வழக்கில் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தலைமை நீதிபதியாக அந்த அமர்வில் இருந்தவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த ப. சதாசிவம். முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் அவ்வழக்கில் நுழைந்து கஃபாலா முறையை எடுத்துரைத்தது. தீர்ப்பின் சாரம் இரண்டு. அச்சட்டம் வாய்ப்பளிக்கும் சட்டமேயன்றிக் கட்டாயப்படுத்தும் சட்டமன்று. விரும்புவோர் பயன்படுத்தலாம், தம் மதச்சட்டத்தைப் பின்பற்ற விழைவோர் விட்டுவிடலாம். தத்தெடுக்கும் உரிமையை அடிப்படை உரிமையென அறிவிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தீர்ப்பை ஷரீஅத்தின் மீதான தாக்குதல் என்று சிலர் அன்று எழுதினர். தீர்ப்பை முழுதும் படித்தவர் அவ்வாறு எழுதியிருக்க இயலாது.

இப்போது நடைமுறையில் உள்ளது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் 63ஆம் பிரிவின்படி, தத்து ஆணை பிறந்த நாளிலிருந்து குழந்தை எல்லா வகையிலும் தத்தெடுத்தோருக்குப் பிறந்த குழந்தையாகக் கருதப்படும். பெற்ற குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு அற்றுப்போகும். 2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் இவ்வாணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். இது தபன்னீ என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. இதன்படி குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் ஒரு குடும்பம் குழந்தையை ஏற்று வளர்க்கிறது. பெற்றோர் இருந்தால் அவர்களோடு உள்ள உறவு அறுவதில்லை, பெயர் மாறுவதில்லை, அரசு மாதந்தோறும் ஓர் உதவித்தொகை அளிக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இது குழந்தை ஒன்றுக்கு மாதம் 4000 ரூபாய் என வகுக்கப்பட்டது. காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட, ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளே இதற்குப் பெரிதும் உரியவர். விருப்பமுள்ளோர் அணுக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. நம் சமுதாயத்தில் இப்பிரிவை அறிந்தோர் மிகச் சிலரே என்பது வருத்தத்துக்குரியது. ஷரீஅத்தோடு ஒட்டி நடக்க விழையும் தம்பதியருக்கு இதனினும் பொருத்தமான வாயில் இந்தியச் சட்டத்தில் வேறில்லை.

மருத்துவமனையிலோ தரகர் வழியிலோ குழந்தையை நேரடியாகப் பெற்றுக்கொள்வது குற்றம். 80ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் கைமாறியிருந்தால் 81ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை கடுங்காவல். 2019இல் ராசிபுரத்தில் வெளிப்பட்ட குழந்தை விற்பனை வழக்கைத் தமிழகம் மறந்திராது. இதில் மார்க்கக் குற்றமும் சேர்கிறது. பெற்றதாகப் பொய்யாய்ப் பதிவு செய்வது, அஹ்ஸாப் வசனம் விலக்கியதையே முத்திரையிட்டுச் செய்வதாகும்.

தலைப்பெழுத்து என்பது தமிழருக்கே உரிய ஒரு சிக்கல். ஐரோப்பியருக்கு உள்ளது போன்ற குடும்பப் பெயர் நமக்கில்லை. பெயருக்கு முன் நிற்கும் எழுத்து தந்தையின் பெயரையே குறிக்கும். அல்ஜீரியா 1984ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தில் தத்தைத் தடை செய்து கஃபாலாவை ஏற்றது. பின்னர் 1992இல், தந்தை அறியப்படாத குழந்தைக்குப் பொறுப்பாளரின் குடும்பப் பெயரை இட அனுமதித்தது. பெயர் ஒன்றாயினும் வம்சமும் வாரிசுரிமையும் உண்டாகா என்பது அதன் நிலைப்பாடு. மொராக்கோவும் 2002இல் கஃபாலாவுக்கெனத் தனிச்சட்டம் கண்டது. அல்ஜீரிய முறையை நாமும் கொள்ளலாமே என்று என் மாணவர் சிலர் கேட்பதுண்டு. குடும்பப் பெயர் பலருக்குப் பொதுவானது. தலைப்பெழுத்தோ ‘இன்னாரின் மகன்’ என்றே படிக்கப்படும். எனவே தந்தை பெயர் தெரிந்த குழந்தைக்கு அவர் பெயரின் எழுத்தையே இடுவது கடமை. தெரியாத குழந்தைக்கு அப்துல்லாஹ் போன்ற பொதுப்பெயரின் எழுத்தையோ ஊரின் எழுத்தையோ இட்டு, பள்ளிப் பதிவேட்டில் காப்பாளர் என்ற இடத்தில் வளர்ப்பவர் தம் பெயரை எழுதலாம். கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் 2016 இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பின் பெற்றோர் இருவரின் பெயரும் கட்டாயமில்லை. ஒருவரது அல்லது சட்டப்படியான காப்பாளரது பெயர் போதும்.

குழந்தைக்கு உண்மையைச் சொல்வது கொடுமை என்போர் உளர். மேனாடுகள் இவ்வழியே சென்று திரும்பியவை. இங்கிலாந்தில் 1926இல் தத்துச் சட்டம் வந்தபின் பிறப்பு மறைக்கப்படுவதே வழக்கமாயிற்று. 1975இல் மற்றொரு சட்டத்தின் வழி, தத்தெடுக்கப்பட்டவர் பதினெட்டு வயதில் தம் மூலப் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமை தரப்பட்டது. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 20ஆம் பிரிவில் இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலாவைப் பெயர் குறித்தே ஏற்றுள்ளது. இளமையிலேயே, கதை சொல்வது போலச் சிறுகச் சிறுகச் சொல்லப்பட்ட உண்மை குழந்தையை நொறுக்குவதில்லை. பதினைந்து வயதில் பக்கத்து வீட்டார் வாயால் கேட்பதே நொறுக்கும்.

இனி மஹ்ரம் பிரச்சினை. வளர்த்த பெண் பருவமெய்தியதும் வளர்த்தவருக்கு அந்நியராகிவிடுகிறாள். வளர்த்த மகன் வளர்த்தவளுக்கு அந்நியனாகிறான். ‘பிறகு எதற்கு வளர்ப்பது?’ என்று பலர் பின்வாங்குவது இங்கேதான். இதற்கு ஷரீஅத் வைத்துள்ள வழி பாலூட்டல். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு சந்திர ஆண்டுகள் நிறைவதற்குள் ஐந்து முறை தனித்தனியே ஊட்டினால் உறவு உண்டாகும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு பாலே போதும். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுந்த நம் தமிழகத்தில் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். மார்பில் அருந்தவேண்டும் என்பதும் கட்டாயமன்று. கறந்து கிண்ணத்தில் புகட்டினாலும் இரு மத்ஹபுகளிலும் செல்லும்.

வளர்க்கும் தாய்க்குப் பிள்ளைப்பேறு இல்லாதபோது பால் எங்ஙனம்? கணவரின் சகோதரி பெண்குழந்தைக்குப் பாலூட்டினால் கணவர் அக்குழந்தைக்குத் தாய்மாமன் ஆகிறார். மனைவியின் சகோதரி ஆண்குழந்தைக்குப் பாலூட்டினால் மனைவி அவனுக்குப் பால்வழிச் சாச்சி அல்லது பெரியம்மா. இரண்டிலும் மணத்தடை நிலைபெறும். இன்று மருந்தின் துணையாலும் இடைவிடா முயற்சியாலும், கருவுறாத பெண்ணுக்கும் பால் சுரக்கச் செய்கின்றனர். அப்பாலும் ஏற்கத்தக்கதே, மணமாகாத பெண்ணின் பாலையே ஃபுகஹாக்கள் ஏற்றுள்ளனர். ஆனால் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. அவள் பால்தாய் ஆவாள். பிரசவத்தால் வந்த பால் அன்றாதலால் கணவர் பால்தந்தை ஆகார். எனினும் மனைவியின் மகள் என்ற வகையில் அப்பெண் அவருக்கு விலக்கப்பட்டவளே என்பது பெரும்பான்மை அறிஞரின் முடிவு.

இரண்டாண்டு கடந்த பிள்ளைக்கு இவ்வழி அடைபடுகிறது. அபூஹுதைஃபா (ரலி) வளர்த்த ஸாலிம் (ரலி) வளர்ந்த ஆடவராயிருந்தும் அவர் பொருட்டு நபியவர்கள் சலுகை வழங்கினார்கள். அது அவருக்கு மட்டும் உரியது என்பதே நபியவர்களின் மனைவியருள் ஆயிஷா (ரலி) நீங்கலாக ஏனையோர் கருத்தும், நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பும் ஆகும். அவ்வாறாயின் ஆறு வயதுப் பிள்ளையை ஏற்போர் என் செய்வது? பருவமெய்தியபின் உறவினர் வீட்டுப் பிள்ளையிடம் காட்டும் ஒழுங்கைக் காட்டுவது. வளர்ப்போர் ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டார் எனின் ஆண்குழந்தையையும், பெண்பிள்ளைகள் உள்ளோர் பெண்குழந்தையையும் கேட்டுப் பெறுவது சிரமத்தைக் குறைக்கும். கூட்டுக்குடும்பத்தில் மைத்துனரும் மதினியும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதை வாய்மூடி ஏற்கும் சமுதாயம், அநாதைப் பிள்ளை விஷயத்தில் மட்டும் ஹிஜாபை நினைவுகூர்வது நியாயமாகத் தோன்றவில்லை.

சொத்தைப் பொறுத்தவரை, வளர்ப்புப் பிள்ளை வாரிசாகான். வாரிசாகாததே அவனுக்கு ஒரு வாயிலைத் திறக்கிறது. வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது, அவனுக்குச் செல்லும். மூன்றில் ஒரு பங்குவரை வாரிசுகளின் இசைவு தேவையின்றியே எழுதலாம். ஒரு மகனும் இரு மகள்களும் உள்ள வீட்டில் மகள் ஒருத்திக்குக் கிடைக்கும் பங்கைவிட இது மிகுதியாகவும் கூடும். இந்தோனேசியாவில் 1991ஆம் ஆண்டின் இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு, 209ஆம் பிரிவில், வஸிய்யத் எழுதாமல் இறந்தாலும் வளர்ப்புப் பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு வரை கட்டாய வஸிய்யத்தாக வழங்க விதித்துள்ளது. நம் நாட்டில் அத்தகைய விதி இல்லை; எழுதாமல் இறந்தால் காப்பாளர் முறையில் வளர்ந்த பிள்ளை சட்டத்தின் முன் வெறுங்கையன்.

வாழ்நாளிலேயே ஹிபா செய்வது மற்றொரு வழி. இதற்கு அளவு வரம்பில்லை. வாய்மொழி ஹிபாவே செல்லுமென 2011இல் ஹஃபீஸா பீவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. கொடுப்பதும் ஏற்பதும் மட்டுமன்றி, பொருளைக் கைவசம் ஒப்படைத்தலும் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வீட்டைப் பிள்ளையின் பெயருக்குச் சொல்லிவிட்டு, வாடகையை இறுதிவரை தாமே தமக்கென வாங்கிக்கொண்டிருந்தவர்களின் ஹிபாக்கள், அவர்தம் மறைவுக்குப்பின் சகோதரர் மக்களின் வழக்கில் வலுவிழக்கின்றன. மரணப்படுக்கையில் செய்யப்படும் ஹிபாவுக்கோ வஸிய்யத்தின் மூன்றிலொரு பங்கு வரம்பே பொருந்தும். ஆதலின் உடல்நலத்தோடு இருக்கும்போதே, குழந்தைக்கு வயது நிரம்புமுன் செய்வதாயின் நீதிமன்றம் நியமித்த காப்பாளர் என்ற தகுதியில் அதன் சார்பாகப் பெற்றுக்கொண்டு, எழுத்தில் பதிவு செய்துவைத்தல் வேண்டும். பதிவு சட்டப்படி கட்டாயமன்று எனினும், சாட்சிகள் அனைவரும் நம்மைவிட நெடுநாள் வாழ்வர் என்பதற்கு உறுதியில்லை.